நீர் மாற்றிய மறுநாள்: கொல்லைப்புறக் கோய் குளத்தில் மூன்று முட்டையிடல்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்திலுள்ள எங்கள் தரைவீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்டுக் குளம் உள்ளது. நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், நீரின் ஆழம் 1.15 மீட்டர், கணக்குப் போட்டால் ஏறத்தாழ 7,400 லிட்டர். ஓராண்டுக்குள் இக்குளத்தில் கோய் எனப்படும் அலங்காரக் கெண்டை மீன்கள் மூன்று முறை முட்டையிட்டன. முதல் முறை பொரித்தவற்றில் ஒன்றுகூட ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் முறை ஐந்து நாள்கள் ஆயிரக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தவை ஒரே இரவில் மடிந்தன. மூன்றாம் முறைதான் குஞ்சுகள் வளர்ந்தன. தாய் மீன் அதுவே, ஆண் மீன்களும் அவையே, முட்டைகளைப் பார்த்துக்கொண்டவனும் நான் ஒருவனே. அப்படியானால் மாறியது எது என்பதை என் குறிப்பேட்டில் உள்ள அளவுகளைக் கொண்டு ஆராய்ந்து எழுதியதே இது.

குளத்தில் அப்போது ஒன்பது மீன்கள் இருந்தன. அவற்றுள் பெண் ஒன்று மட்டும் முட்டையிடும் பருவத்தில் இருந்தது: 52 செண்டிமீட்டர் நீளமுள்ள கொஹாக்கு, அதாவது வெண்ணிற உடலில் சிவப்புத் திட்டு மட்டும் கொண்ட வகை. ஆண்கள் இரண்டு; ஒன்று கொஹாக்கு, மற்றொன்று வெள்ளை, சிவப்பு ஆகியவற்றோடு கருப்புப் புள்ளியும் கொண்ட சங்கே. ஆண் மீனை அடையாளம் காண்பது எளிது. பருவம் வந்த ஆணின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன்முள்ளிலும் விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் சிறு பருக்கள் எழுந்திருக்கும். பெண்ணுக்கு அது இல்லை. மேலிருந்து பார்க்கும்போது வயிறு இருபுறமும் பருத்துத் தெரியும். பெண் கெண்டை தன் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு லட்சம் முட்டைகள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் சுமக்கும் என்பதால், எங்கள் மீனிடம் இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இந்த எண்ணைத் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கியிருந்தால் பின்னால் பல சிக்கல்கள் நேர்ந்திரா.

கோய் மீனின் தாயகம் ஜப்பானின் நீகாத்தா மாநிலத்து மலைப்பகுதி. பனி உருகி, வசந்தம் முடியும் தறுவாயில், நீர் 20 செல்சியஸை ஒட்டி வரும்போதுதான் அங்கே மீன்கள் முட்டையிடும். ஆண்டுக்கு ஒரு பருவம். சிங்கப்பூரில் குளத்து நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 செல்சியஸ் வரை இருப்பதால் பருவம் என்ற தடை இல்லை. சினை முதிர்ந்த பெண்ணுக்கு இங்கே தேவைப்படுவதெல்லாம் ஒரு தூண்டுதல். அதை மழை கொடுக்கிறது.

முதல் முட்டையிடல் ஏப்ரலில், விடியலுக்கு முன் வீசிய ஒரு சுமத்ரா காற்றின்போது நிகழ்ந்தது. மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இந்தக் காற்றுமழை பெரும்பாலும் அதிகாலையிலோ காலையிலோதான் வரும். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாயின் வாய் நேராகக் குளத்தில் விழும்படி வீட்டைக் கட்டியவர் அமைத்திருந்தார். அன்று அரை மணி நேரத்தில் நீரின் வெப்பம் 29.5 செல்சியஸிலிருந்து 27க்கு இறங்கியது. கலகலவென்ற ஓசை கேட்டு நான் கீழே இறங்கிச் சென்றபோது இரண்டு ஆண்களும் பெண்ணின் வயிற்றை மூக்கால் முட்டி முட்டிச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தன. நீரின் மேல் வெள்ளை நுரை. பச்சை மீன் வாடை. வடிகட்டித் தூரிகைகளிலும் ஆகாயத்தாமரை வேர்களிலும் ஜவ்வரிசியைச் சிறிதாக்கி ஒட்டியதுபோல முட்டைகள். மற்ற மீன்களோ, பெற்றவையும் சேர்ந்துதான், அவற்றைத் தின்னத் தொடங்கிவிட்டிருந்தன.

கையில் கிடைத்த வேர்களை 150 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்கு மாற்றினேன். தொட்டியில் குழாய் நீர். அதில் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கிச் சொட்டு. மறுநாளே பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் வெளுத்து, பஞ்சு போலப் பூஞ்சை பிடித்தன. பூஞ்சைதான் எதிரி என்று முடிவு கட்டி மெத்திலீன் புளூ என்ற பூஞ்சைக்கொல்லிச் சாயத்தை ஊற்றினேன். சில நூறு குஞ்சுகள் பொரித்தன. நான்காம் நாளில் எல்லாம் முடிந்தது. பூஞ்சை செத்த முட்டையில் முதலில் குடியேறி அங்கிருந்து உயிருள்ள முட்டைக்குப் படரும் ஒன்று என்பதும், ஆகவே முட்டைகள் ஏன் செத்தன என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் முறைக்கு ஜூலையில் திட்டமிட்டே இறங்கினேன். பெண்ணை வலையால் தடுத்து இரண்டு வாரம் தனியே வைத்தேன். ராஃபியா கயிற்றை 40 செண்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தலைவாரும் சீப்பால் நார் நாராகக் கிழித்து, பிவிசி குழாயில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். தேங்காய் நாரையும் பயன்படுத்தலாம். ஆனால் அது நீரைத் தேயிலைச் சாயமாக்கும் என்பதால் பல நாள் ஊற வைக்க வேண்டும். முந்திய மாலை குளத்து நீரை மூன்றில் ஒரு பங்கு இறக்கி, பீப்பாயில் சேர்த்திருந்த மழைநீரை இரவில் மெல்ல விட்டு, வலையை எடுத்தேன். காலை 5.20 மணிக்குத் துரத்தல் தொடங்கியது. ஏழரைக்குள் ராஃபியா முழுவதும் முட்டை. உடனே அவற்றைத் தூக்கி 300 லிட்டர் கண்ணாடி இழைத் தொட்டிக்கு மாற்றினேன். இம்முறையும் தொட்டியை முந்திய நாளே குழாய் நீரால் நிரப்பி, சொட்டு விட்டு, ஓர் இரவு காற்றூட்டி வைத்திருந்தேன்.

இம்முறை முட்டைகள் நன்றாகவே இருந்தன. கருவுற்ற முட்டை தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். இரண்டாம் நாள் உள்ளே இரு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியும். நீர் 28.5 செல்சியஸில் இருந்தது. ஏறக்குறைய 50 மணி நேரத்தில் பொரிக்கத் தொடங்கின. 20 செல்சியஸில் இதற்கே நான்கு நாள் பிடிக்கும். பொரித்த குஞ்சு உதிர்ந்த இமைமயிர் போன்றது. தலையிலுள்ள பசைச் சுரப்பியால் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வயிற்றிலுள்ள மஞ்சள்கருப் பையிலிருந்து உணவு பெற்றபடி இரண்டு நாள் சும்மா தொங்கும். பிறகு ஒவ்வொன்றாக மேற்பரப்புக்கு எழுந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி நீந்துபையை நிரப்பிக்கொள்ளும். அந்நேரத்தில் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் குஞ்சால் காற்றை எட்ட முடியாது; நீந்துபை நிரம்பாத குஞ்சு தரையிலேயே துள்ளித் துள்ளிச் சாகும். எனவே காலையும் மாலையும் செய்தித்தாளை நீரின் மேல் விரித்து எடுத்துப் படலத்தை ஒற்றினேன்.

முதல் உணவு அவித்த முட்டையின் மஞ்சள் கரு. பழைய வேட்டித் துணியில் முடிந்து நீரில் கசக்கினால் பால்போல் மேகம் எழும். குஞ்சுகள் அதனுள் மொய்க்கும். "மாப்பிள்ளை, மீனுக்கு ஊட்டுற அக்கறையில பாதி வீட்டுல காட்டினா போதும்" என்று என் மாமியார் சொல்லுமளவுக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை ஊட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு முழு மஞ்சள் கரு. அது மிக அதிகம். குஞ்சுகள் தின்றதைவிடத் தொட்டியடியில் படிந்து அழுகியதே கூடுதல், வடிகட்டியும் இல்லை.

நீந்தத் தொடங்கிய ஐந்தாம் நாள் மாலை நீர் கலங்கியிருந்தது. சோதனைக் கருவியில், அழுகலிலிருந்து பிறக்கும் அம்மோனியா ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டியது; நீரின் அமில, கார நிலையைக் குறிக்கும் எண்ணான பிஎச் (7க்கு மேல் போகப் போகக் காரம்) 7.2. குஞ்சுகள் சற்றுச் சோர்வாகத் தெரிந்தாலும் தின்றுகொண்டிருந்தன. பாதி நீரை, அதாவது 150 லிட்டரை, சொட்டு விட்ட குழாய் நீரால் மாற்றினேன். மீண்டும் சோதித்தபோது குப்பியின் பச்சை வெளிறியிருந்தது. அம்மோனியா 1க்குச் சற்று மேல், பிஎச் 7.9. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் தொட்டியடி முழுவதும் சாம்பல் தூவியதுபோல் குஞ்சுகள் கிடந்தன. உயிரோடிருந்தவற்றை ஒரு தேநீர்க் கோப்பையில் அடக்கிவிடலாம். அவையும் அன்றிரவைத் தாண்டவில்லை.

இந்த ஆய்வின் மையம் இவ்விரு அளவீடுகளே. சோதனைக் கருவி காட்டுவது நீரிலுள்ள மொத்த அம்மோனியாவை. ஆனால் மொத்தமும் நஞ்சன்று. அதில் பெரும்பகுதி அமோனியம் அயனியாக, ஏறத்தாழத் தீங்கின்றி இருக்கும். அயனியாகாத சிறு பகுதிதான் செவுள் வழியே புகுந்து கொல்லும். அந்தச் சிறு பகுதி எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 செல்சியஸில் பிஎச் 7.2 என்றால் மொத்தத்தில் 1 விழுக்காட்டை ஒட்டியது நஞ்சு, பிஎச் 7.9 என்றால் 5 விழுக்காட்டுக்கு மேல். ஆக, மாற்றுவதற்கு முன் 2 மில்லிகிராமில் நஞ்சுப்பகுதி 0.02 மில்லிகிராம், மாற்றிய பின் 1.2 என்று கொண்டால் 0.06. கண்ணுக்குத் தெரிந்த அளவு குறைந்தது, கொல்லும் அளவு மூன்று மடங்காகியது. அழுகல் மெல்ல அமிலமாக்கியிருந்த பழைய நீர், தன் அழுக்கின் தீமையைத் தானே மூடி வைத்திருந்தது. நான் ஊற்றிய தூய நீர் அந்த மூடியைத் திறந்துவிட்டது.

இதற்குமேல் இன்னொன்றும் சேர்ந்தது. சிங்கப்பூர்க் குழாய் நீரைப் பொதுப் பயனீட்டுக் கழகம் குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம், கொண்டு கிருமிநீக்கம் செய்கிறது. குளோரின் வாளியில் ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும். குளோரமின் அப்படிப் போகாது, அது குழாயின் கடைக்கோடி வரை நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுவது. ஊரில் கிணற்று நீரிலும் ஏரி நீரிலும் மீன் வளர்த்த நம்மவர் பலர் "தண்ணியப் பிடிச்சு ஒரு நாள் வெயில்ல வை" என்று சொல்லும் அறிவுரை இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான். நான் பயன்படுத்திய மலிவான சொட்டு வெறும் சோடியம் தயோசல்ஃபேட். அது குளோரமினை உடைக்கும். உடைத்தபின் மிஞ்சும் அம்மோனியாவை நீரிலேயே விட்டுவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரமின் இருப்பதாகக் கொண்டால் உடைந்தபின் 0.4 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா பிறக்கும். வளர்ந்த மீனுள்ள, அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியேறிப் பழகிய வடிகட்டி ஓடும் குளத்தில் இது ஒரு பொருட்டன்று. நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். வடிகட்டியற்ற குஞ்சுத் தொட்டியில் விழுங்க யாரும் இல்லை.

இந்தக் கண்ணோட்டத்தில் ஏப்ரல் தோல்வியையும் திரும்பப் பார்க்கலாம். அன்று முட்டைகள் விழுந்தது புதிதாக உடைக்கப்பட்ட குளோரமின் நீரில். மேலே செத்த முட்டைகளின் அழுகல். அதற்கும் மேலே, அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் ஏதேனும் தொட்டியில் தலைகாட்டியிருந்தாலும் அதைச் சேர்த்துக் கொல்லும் மெத்திலீன் புளூ. மருந்து என்று நான் ஊற்றியதில் பயன் சிறிது, கேடு பெரிது.

மூன்றாம் முறைக்கு நான் செய்த முதன்மை மாற்றம் இது: குஞ்சுத் தொட்டிக்குள் குழாய் நீர் ஒரு சொட்டும் நேராகப் போகவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு ஐந்து வாரத்துக்கு முன்பே இரண்டு ஸ்பாஞ்சு வடிகட்டிகளைப் பெரிய குளத்தில் ஓடவிட்டுப் பழக்கினேன். டிசம்பரில் முட்டைகள் கிடைத்த அன்று, தொட்டியைக் குளத்து நீராலேயே நிரப்பி அவ்வடிகட்டிகளை அதில் வைத்தேன். அந்நீரில் அம்மோனியா, அதை நுண்ணுயிர்கள் தின்றபின் உண்டாகும் மற்றொரு நஞ்சான நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், பிஎச் 7.4. அன்றாடம் பத்தில் ஒரு பங்கு நீரைக் குளத்திலிருந்தே எடுத்து மாற்றினேன். குளத்துக்குக் குழாய் நீர், கரி வடிகட்டி வழியே சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. உணவையும் மாற்றினேன். மஞ்சள் கரு முதல் இரண்டு நாளுக்கு மட்டும், அதுவும் சுண்டைக்காய் அளவு. பிறகு ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய உப்புநீர் இறால்: அதன் உலர்ந்த முட்டைகளைத் தலைகீழாக்கிய பிளாஸ்டிக் போத்தலில் லிட்டருக்கு 25 கிராம் உப்பிட்டுக் காற்றூட்டினால் 24 மணி நேரத்தில் செம்மஞ்சள் மேகமாகப் பொரிக்கும். உயிருள்ள இரை என்பதால் தின்னாதது உடனே அழுகுவதில்லை. ஊட்டிய பத்து நிமிடத்தில் கண்ணாடி போன்ற குஞ்சுகளின் வயிறு செம்மஞ்சளாவதைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்கலாம். நிறமேறாத வயிறுகள் பல இருந்தால் இன்னொரு கரண்டி.

குளத்து நீரைப் பயன்படுத்துவதில் ஆபத்து உண்டு. பெரிய மீன்கள் பொறுத்துக்கொள்ளும் ஒட்டுண்ணி குஞ்சுகளை வீழ்த்தும். நான்காம் வாரத்தில் சில குஞ்சுகள் சுவரில் உடலைத் தேய்க்கத் தொடங்கின. லிட்டருக்கு 3 கிராம் உப்பில் ஒரு வாரம் வைத்ததில் அது நின்றது. தெரிந்தே ஏற்ற ஆபத்து என்பதால் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. புதிய மீன் எதையும் அவ்வாண்டு குளத்தில் விடாததும் தற்காப்புதான்: 1998இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட கோய் ஹெர்பீஸ் வைரஸ் தீவிரமாவது ஏறத்தாழ 16 முதல் 28 செல்சியஸ் வரையிலான நீரில், வழக்கமாக அதன் மேல் எல்லையில் நிற்கும் நம் குளங்களை டிசம்பர் மழை அந்த வரம்புக்குள் இறக்கிவிடுகிறது.

தொட்டியின் மேல் மெல்லிய வலை கட்டியிருந்தேன். கொசு முட்டையிடாமல் காப்பது இங்கே வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அதே வலை தும்பியையும் தடுத்தது. தும்பியின் நீர்ப்புழு ஒன்று தொட்டிக்குள் வளர்ந்தால் ஒரு நாளைக்கு எத்தனை குஞ்சை வேட்டையாடும் என்பதைப் பார்த்தவர்கள் கொசுவைவிட அதற்கே அஞ்சுவார்கள். தரைவீட்டுக் குளங்களுக்குள் கூட்டமாகப் புகும் நீர்நாய்களுக்காகப் பெரிய குளத்தின் மேல் இரும்புக் கம்பி வலை ஏற்கெனவே இருந்தது.

நீர் சரியானதும் அடுத்த சிக்கல் எண்ணிக்கை. முதல் மாத இறுதியில் கோப்பையால் மொண்டு எண்ணி மதிப்பிட்டதில் ஏறத்தாழ 3,000 குஞ்சுகள். நீகாத்தாவில் இவற்றை மிதவை உயிர்கள் நிறைந்த மண்குளத்தில் விடுவார்கள். என்னிடம் இருந்தது 300 லிட்டர். வேகமாக வளர்ந்த சில குஞ்சுகள் உடன்பிறந்தவற்றை வால்பக்கமிருந்து விழுங்கிக்கொண்டிருந்தன. கழித்தெடுப்பதைத் தவிர வழியில்லை. 25ஆம் நாள் முதுகு வளைந்தவை, செவுள் மூடி குறைந்தவை, வாய் கோணியவை. 45ஆம் நாள் முழு வெள்ளை, முழுச் சிவப்பு, நிறம் கலங்கியவை. கொஹாக்குவுக்குக் கொஹாக்குவைச் சேர்த்தாலும் பிறப்பவை எல்லாம் கொஹாக்கு ஆவதில்லை. இங்கே தந்தை இருவரில் யார் என்பதும் கலந்துகிடந்தது. வெள்ளைத் தட்டில் குஞ்சை ஏந்தி, ஒரு பார்வையில் வாழ்வா சாவா என்று முடிவு செய்யும் வேலை எனக்குக் கைவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் இருநூறைக் கழிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. கழித்தவற்றைக் கிராம்பு எண்ணெய் மிகுதியாகக் கலந்த நீரில் மயக்கத்திலேயே முடித்தேன். "பாவம், பீடோக் நீர்த்தேக்கத்துல விட்டுட்டு வந்திடலாமே" என்று அத்தை இரண்டு முறை கேட்டார். அது குற்றம், தேசியப் பூங்காக் கழகம், புண்ணியம் என்று உயிர்களை விடுவிக்கும் வழக்கமுள்ள வெசாக் தினத்தை ஒட்டி ஆண்டுதோறும் எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான். குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மண்ணைக் கிளறி நீரைக் கலக்கும் கெண்டையை நீர்த்தேக்கத்தில் விடுவது அங்கே வாழும் உயிர்களுக்குச் செய்யும் பாவம் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மூன்றாம் மாத முடிவில் 38 மீன்கள் எஞ்சின. அவற்றுள் பதினொன்றில் வெள்ளையும் சிவப்பும் தெளிவாகப் பிரிந்திருந்தன. ஒன்பதில் சங்கேயின் கருப்புப் புள்ளி. போட்டியில் வைக்கத்தக்கது ஒன்றுகூட இல்லை. எடுத்துக்கொள்ளச் சம்மதித்த நண்பர்களின் குளங்களுக்கு 27 போயின, பதினொன்று என்னிடம் உள்ளன.

மேலும் குஞ்சுகளுக்கு இடமில்லை என்பதால் கூரைக் குழாயின் வாயைக் குளத்திலிருந்து கால்வாய்ப் பக்கம் திருப்பிவிட்டேன். அப்படியும் மே மாதத்தில் ஒரு விடியற்காலை சுமத்ரா காற்று அடித்தபோது பழைய ஓசை கேட்டது. வடிகட்டித் தூரிகைகள் நிறைய முட்டை. தொட்டியை எடுக்கவில்லை. நண்பகலுக்குள் மீன்கள் தூரிகைகளைத் துடைத்து வைத்துவிட்டன.